ரைட்டர் ஞானஜோதி நடத்திய நாற்காலி வகுப்பு

"எந்திரி. மறுபடி உக்காரு" என்கிறார் ஞானஜோதி.

கபிரியேல் எழுந்து, மறுபடி உட்காருகிறார்.

"நாற்காலி கடிக்காதுலே. முதுகச் சாய்."

கபிரியேல் சாய்கிறார். முகம் மட்டும் பல் பிடுங்க வந்தவர் முகம்போல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, தேயிலைத் தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய ரைட்டர் ஞானஜோதியின் குவார்ட்டர்சில் இந்த வகுப்பு நடக்கும். மாணவர் ஒருவர்தான். பீர்மேட்டு மூடுபனி மட்டும் சன்னல் வழியே வந்து, ஓசியில் பாடம் கேட்டுவிட்டுப் போகும்.

ஞானஜோதிக்கு நாற்பது தாண்டிவிட்டது. சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். ஒன்று எழுதும், மற்றது மரியாதைக்கு. இங்கிலீஷ் பேசுமுன் தொண்டையைச் செருமுவார். இங்கிலீஷ் வராவிட்டாலும் செருமல் வந்துவிடும். அவருடைய தாத்தா சங்கரன்கோவில் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி கூட்டிவந்த ஆள். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து ஆபீசில் நாற்காலி வாங்கிய முதல் மனிதர் இவர்தான். இவர் சேர்ந்த வாரமே மற்ற ரைட்டர்களுக்கு ஆபீஸ் தண்ணீர்ப் பானைமேல் நம்பிக்கை போயிற்று. வீட்டிலிருந்து குப்பியில் வெந்நீர் கொண்டுவரத் தொடங்கினார்கள். மலைக் குளிருக்கு வெந்நீர்தான் உடம்புக்கு நல்லது என்று ஞானஜோதியும் ஒப்புக்கொண்டார். அவரைப் பெரிய ரைட்டர் ஆக்கியபோது அவர்கள் இன்னும் சூடான வெந்நீர் கொண்டுவந்தார்கள்.

வகுப்புக்குக் காரணம், கண்டக்டர் வேலை ஒன்று காலியானது. தோட்டத்தில் கண்டக்டர் என்றால் ஒரு டிவிஷன் முழுக்க அவர் சொல்தான். காலில் ஷூ, தலைக்கு மேல் குடை, தனி வீடு. கபிரியேல் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த சூப்பர்வைசர். கண்டக்டர்கள் வருவார்கள், போவார்கள். அவர் அதே இடத்தில் நின்று எல்லோருக்கும் சலாம் வைத்துக்கொண்டிருந்தார். மனைவி சின்னத்தாயியும் மூன்று பிள்ளைகளும் லயத்தின் ஒற்றை அறையில் மழை ஒழுகாத மூலையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். "வீடுகூட வேண்டாம்ணே. தனியா ஒரு கொழாய் கெடச்சாப் போதும்" என்று அவர் ஞானஜோதியிடம் சொல்லியிருந்தார்.

புத்தி சொல்ல யாராலும் முடியும். ஞானஜோதி அதற்கு மேலும் ஒன்று செய்தார். தோட்ட மேனேஜரான தொரையின் மேசைமுன் நின்று, செருமி, "சார், கபிரியேலைப் பாக்கலாம். ஆளுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். அதுவரை யாருக்கும் அவர் பொறுப்பேற்றதில்லை. தம்மைக் காப்பாற்றிக்கொள்ளவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.

தொரை வெள்ளைக்காரர் அல்ல. வெள்ளைக்காரர்கள் போய் வெகுநாள் ஆயிற்று. நாற்காலியையும் பழக்கத்தையும் விட்டுப் போயிருந்தார்கள். "சனியாழ்ச்ச நாலு மணிக்கு பங்களாவுக்கு சாயா குடிக்க வரட்டே. ஆளு எங்ஙனென்னு நோக்கலாம்" என்றார், தமது மலையாளத் தமிழில்.

பங்களாவில் குடிக்கும் அந்தச் சாயாதான் பரீட்சை. தேயிலையைப் பறிக்கத் தெரிந்தவருக்கு லயம், குடிக்கத் தெரிந்தவருக்குக் குவார்ட்டர்ஸ் என்பது அந்த மலையின் சட்டம். ஞானஜோதி வீட்டில் இருந்த ஒரே பீங்கான் கோப்பைக்குக் காது கிடையாது. காது இருப்பதாகப் பாவித்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டார் கபிரியேல்.

"சாயா வந்ததும் என்ன செய்வே?"

"குடிப்பேன்."

"வெளங்கும். மொதல்ல அவரு எடுக்கட்டும். பொறவு நீ எடு. ஊதக் கூடாது."

"சூடா இருந்தா?"

"சூடா இருந்தா சன்னலப் பாரு. தொரைமாரு சும்மா சன்னலப் பாக்காங்கன்னா நெனச்ச? ஆறட்டும்னுதாம்லே பாக்காங்க."

சனிக்கிழமை ஞானஜோதியின் ஷூவையே போட்டுக்கொண்டு கபிரியேல் போனார். இருட்டும் நேரத்தில், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, நனைந்து திரும்பி வந்தார்.

"என்னலே, என்ன கேட்டாரு?"

"கூப்பிடவே இல்லண்ணே."

"கூப்பிடலியா? எங்க இருந்தே நீ?"

"பங்களாவுக்குப் பொறத்தால, சமையக்கட்டு குசினிப் படியில. பட்லர் பெரியமுத்துகிட்ட, தொரை வரச் சொன்னாருன்னேன். 'சொன்னாருன்னா கூப்பிடுவாரு, இரி'ன்னான். தகரக் குவளையில சாயா தந்தான்." ஷூவை வாசலில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊதாமத்தான் குடிச்சேன்."

அதே நேரம் முன்கூடத்தில் தொரை இரண்டு கோப்பை வைத்துக் காத்திருந்தார். பிறகு பெரியமுத்துவைக் கூப்பிட்டு யாராவது வந்தார்களா என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றான் பெரியமுத்து. அவன் பொய் சொல்லவில்லை. அவனும் லயத்துக்காரன்; குசினிப் படியில் உட்காருகிறவர்களை ஆள் வந்த கணக்கில் சேர்க்க அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தொரை ஜீப்பில் ஏறி கிளப்புக்குப் போய்விட்டார்.

"சாயாவுக்குக் கூப்பிட்டா முன்வாசல்ல போகணும்னு தெரியாதாலே ஒனக்கு?"

கபிரியேல் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "நீங்க பொறவாசல் வழியாத்தான போவீக, ரைட்டரண்ணே? ஆபீஸ் ஃபைல் கொண்டுபோகையில எப்பவும் அப்படித்தான போறீக? நீங்க போற வழியிலதான் போனேன்."

ஞானஜோதி செருமினார். குசினி வழியாகப் போகச் சொல்லி அவருக்கு எந்தத் தொரையும் உத்தரவு போட்டதில்லை. உத்தரவே இல்லாமல் இத்தனை வருஷம் கீழ்ப்படிந்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை வேலை வேறொருவருக்குப் போயிற்று. தொரையின் சிநேகிதருக்கு மைத்துனர். தேயிலையை அதுவரை டப்பாவில் மட்டும் பார்த்தவர்.

"உங்க ஆளு வரலையல்லோ, ரைட்டரே. சமயத்துக்கு வராத ஆளு டிவிஷன் எங்ஙனெ நோக்கும்?" என்றார் தொரை. "புதிய ஆளுக்கு ஃபீல்டெல்லாம் கபிரியேல் காட்டித் தரட்டே."

உண்மையைச் சொல்லலாம். ஆனால் கபிரியேல் எந்த வாசலில் காத்திருந்தார் என்று சொன்னால், ஏன் அந்த வாசல் என்ற கேள்வி வரும். ஞானஜோதி "யெஸ் சார்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, புதிய கண்டக்டரின் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டு கபிரியேல் மேட்டில் ஏறுவதை ஆபீஸ் சன்னலிலிருந்து பார்த்தார். பகல் முழுக்க இரண்டு பேனாவும் சட்டைப்பையிலேயே இருந்தன. சாயந்திரம், கையில் ஃபைல் எதுவும் இல்லாமல், மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு பங்களாவுக்குப் புறப்பட்டார். நடந்ததைச் சொல்வது, இன்னொரு சனிக்கிழமை கேட்பது என்று முடிவு. குசினிக்குப் பிரியும் நடைபாதையைத் தாண்டி நேரே போனார். பின்பக்கம் வாலாட்டும் அதே நாய், முன்பக்கம் அவரைப் பார்த்துக் குரைத்தது.

படிகளில் ஏறினார். ஷூவைக் கழற்றவில்லை. மணியை அழுத்தினார். உள்ளே, தூரத்தில், கதவை நோக்கி யாரோ வரும் காலடிச் சத்தம் கேட்டது.

ஞானஜோதி குடையை மடக்கிக்கொண்டு, ஏறிய படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, கீழே சரளைக் கல்மேல் மழையில் நின்றார்.