கார்த்தஹேனாவில் ஊர்க்காரிகளான கதை

கனடாவிலிருக்கும் என் நாத்தனார், விடுமுறைக்குக் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகருக்குப் போவோம் என்று டிக்கெட் அனுப்பினாள். இலங்கையில், கலவான பஜாரிலிருக்கும் எங்கள் கடையைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பழைய கோட்டைச் சுவருக்குள் மஞ்சளும் நீலமுமாக வீடுகள். மர பால்கனிகளிலிருந்து காகிதப்பூ தெருவரை தொங்கியது. வெயிலுக்குப் பருத்திச் சேலைதான் சரியென்று இருவரும் அதையே கட்டியிருந்தோம். ஒரு தெருமுனையில் நின்று முகத்தைத் துடைத்தபோது, கேமராவோடு வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எங்களைப் பார்த்து, படம் எடுக்கட்டுமா என்று கும்பிடாத குறையாகக் கேட்டார்கள்.

"அண்ணி, நம்மள இந்த ஊருக்காரங்கன்னு நெனச்சிட்டாங்க. சிரிங்க."

"உண்மையச் சொல்லிரு."

"சும்மா இருங்க. கித்துல்கலயில எத்தன தடவ நம்மள நிக்க வச்சிப் படம் புடிச்சிருப்பாங்க!"

அது நிஜம்தான். நாங்கள் அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த நாட்களில், ஆற்றில் படகு விட வரும் வெளிநாட்டுக்காரர்கள் வேனை நிறுத்தி, ரப்பர் பால் வாளியோடு போகும் எங்களைச் சிரிக்கச் சொல்வார்கள். நான் சிரித்தேன். அந்த மனிதர் தட்டுத்தடுமாறி ஸ்பானிஷில் தேவாலயத்துக்கு வழி கேட்டார். நாத்தனார் கொஞ்சமும் யோசிக்காமல் கையை நீட்டி, "கெலின்ம யன்ன" என்று சிங்களத்தில் நேராகப் போகச் சொன்னாள். அவர் "கிராசியாஸ்" என்று நன்றி சொல்லிவிட்டு நேராகவே போனார். தேவாலயம் எங்கே இருக்கிறதென்று எங்களுக்கே தெரியாது.

திரும்பினால், பழத் தட்டைத் தலையில் வைத்த ஓர் அம்மா, அடுக்கடுக்காய்ச் சுருக்கம் வைத்த பாவாடையோடு இடுப்பில் கை வைத்து எங்களையே முறைத்துக்கொண்டிருந்தார். உண்மையான ஊர்க்காரி. நான் நாத்தனாரின் முந்தானையை இழுத்தேன்.

"மன்னிச்சிருங்க அக்கா," என்றாள் நாத்தனார், தமிழில்.

அந்த அம்மா வெடித்துச் சிரித்தார். தட்டை இறக்கி, பக்கத்துப் படியில் எங்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு பப்பாளித் துண்டு கொடுத்தார். அதற்குப் பிறகு படம் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் நாங்கள் மூவர். கேமரா உயர்ந்தால் அவர் முழங்கையால் என் விலாவில் இடிப்பார். உடனே நான் பல்லைக் காட்டுவேன். பழமும் சீக்கிரம் விற்றுத் தீர்ந்தது.

ஊர் திரும்பியதும் கணவர் ஆசையாக, "எங்க, படத்தக் காட்டு பாப்பம்" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு கேமராக்களுக்கு முன்னால் சிரித்த நாங்கள், எங்கள் போனில் ஒரு படம்கூட எடுக்கவில்லை.