சிவப்புக் கோடு

மகள் கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து மஞ்சக்குப்பத்து வீட்டின் சமையல் மேடையில் வைத்தாள். பாதிக்கு மேல் கறுப்புச் சேறு, அதன்மேல் உப்புத் தண்ணீர். சிதம்பரத்தில் கடல் உயிரியல் படிக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருவாள்.

"எதிர்வீட்டு ஆன்ட்டிகிட்ட செவப்புக் கோலமாவு வாங்கியாம்மா."

நாங்கள் கோலம் போடுகிற குடும்பமில்லை; கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுவதோடு சரி. கேட்டு வாங்கி வந்தேன். சேற்றின்மேல் சீராகத் தூவினாள்; பக்கவாட்டில் கண்ணாடி வழியே பார்க்க ஒரு சிவப்புக் கோடாகத் தெரிந்தது.

சில நாளில் அந்தச் சிவப்புக் கோடு உடைந்தது. சேற்றுக்குள் இருந்த புழுக்கள் அடிச்சேற்றைத் தின்று மேலே வந்து கழித்தன. சிவப்பு மெல்லப் புதைந்து இறங்கியது. புழுக்களின் வளைகளைச் சுற்றி மட்டும் கறுப்பு பழுப்பாக மாறியிருந்தது.

"அந்த வழியாத்தான் மண்ணுக்குள்ள காத்து போவுது. இதுங்க இல்லன்னா கழிமுகமே நாறிப் பூடும்."

காலையில் காபி போடும்முன் தொட்டியைப் பார்ப்பது எனக்கும் பழக்கமாகிவிட்டது.

சேறு யார் எடுத்தது என்று தொட்டி வந்த அன்றே கேட்டேன். "படகுக்காரரு குடுப்பாரு. எனக்கு லேப்ல மட்டும்தான் வேல," என்றாள். நம்பினேன். என் தம்பி கிள்ளைப் பக்கம் நண்டு பிடிக்கப் போய், சேற்றில் கால் சிக்கி, தண்ணீர் ஏறி இறந்தவன். சேற்றில் இறங்கமாட்டேன் என்று படிப்பில் சேர்ந்த அன்றே என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தாள்.

போன மாதம் அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கச் சிதம்பரம் போனேன். லேப் வாசலில் வாட்ச்மேன் சிரித்தார்.

"அந்தப் பாப்பாவா? சேத்துல எறங்குச்சின்னா நண்டே தோத்துடும்மா. பூட்ஸ மாட்டிகினு காலையிலயே கெளம்பிடுச்சி."

வீட்டில் கணவரிடம் கேட்டேன்.

"பூட்ஸ நான்தான் வாங்கிக் குடுத்தேன். உங்கிட்ட சொன்னா வுடுவியா?"

ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த பூட்ஸ் அவர் ஸ்கூட்டர் டிக்கியில் இருந்திருக்கிறது; அவளை பஸ் ஏற்றிவிடும்போது எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதே ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்துதான் ஞாயிறு பூசைக்குப் போய் வந்தேன்.

மாலையில் மகள் வந்தாள். "கயிறு கட்டிகினுதாம்மா எறங்குவோம். நானே எடுத்தாத்தான் சேத்தோட அடுக்கு கலையாம வரும்."

நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அழுதுகொண்டே, "இனிமே எறங்க மாட்டேம்மா," என்று என் தலையை நோக்கிக் கையை நீட்டினாள். நான் நகர்ந்துகொண்டேன்.

"சத்தியம் வேணாம். எறங்குற அன்னைக்கு, எறங்கறேன்னு சொல்லிட்டுப் போ."

நேற்றுச் சொல்லிவிட்டுத்தான் போனாள். கரையேறி அவள் போன் செய்யும்வரை தொட்டியின் முன்னாலேயே நின்றிருந்தேன்.

பூசைக்கு இப்போது நடந்தே போகிறேன்.