அரை வேகத்தில் ஒரு கோச்சி

அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் கொள்வனவுப் பிரிவில் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. மூன்று விலைமனு இல்லாமல் கூட்டுகிற தும்புத்தடி ஒன்று கூட வாங்கியதில்லை. அதனால், பதிவு செய்த இசையை வேகம் குறைத்துக் கேட்கும் மென்பொருள் தேவைப்பட்டபோதும் மூன்றை இறக்கிப் பரீட்சித்தேன்.

தேவை என் மனைவியுடையது. பாரிசவாதம் வந்து இடது கை விழுந்தபின் அவள் வயலினைத் தொடவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், "பழகின வேலையையே மெதுவாச் செய்விச்சுப் பாருங்கோ. விரல் திரும்பினாலும் திரும்பும்," என்றாள். பழகின வேலை ஒரு கசெற்றில் இருந்தது. இதே வெள்ளவத்தை வீட்டில் அவள் வாசித்து, நான் பதிவு செய்த வர்ணம். அதைக் கணினியில் ஏற்றி, வேகத்தைக் குறைத்து, அவளை அவளுக்குப் பின்னாலேயே வாசிக்க வைப்பதென்று முடிவெடுத்தேன்.

முதலாவது மென்பொருள் வேகத்தோடு சுருதியையும் இறக்கியது. வயலின் தடிமன் பிடித்த தொண்டையில் பாடியது. இரண்டாவதில் சுருதி நின்றது. கமகங்கள் தண்ணீருக்குள் அகப்பட்டவை போல நடுங்கின. மூன்றாவது இரண்டையும் காப்பாற்றியதோடு, வேண்டிய வரியை மட்டும் திரும்பத் திரும்பப் போடவும் செய்தது. முறைப்படி புள்ளியிட்டேன்.

"பாலமே கட்டப்போறியள்?" என்றாள் மனைவி. "கொமிட்டி முடிவெடுத்திட்டுதெண்டால் போடுங்கோவன்."

"தொழில்நுட்பக் குழு சம்மதம். இனி நீர்தான் சொல்லவேணும்."

எண்பது வீதத்தில் தொடங்கினோம். விரல் தந்திக்கு வருமுன் சுரம் போய்விட்டது. எழுபது, அறுபது என்று இறக்கினேன். ஐம்பதில், பதிவு செய்த அன்று கடற்கரைத் தண்டவாளத்தில் போன கோச்சி நீண்டு ஊளையிட்டது.

"கோச்சியும் எனக்காக நிண்டு நிண்டு போகுது," என்று சிரித்தாள். விரல் எழும்பவில்லை.

இன்னும் குறைக்கப் போனேன்.

"வேண்டாமப்பா. இதுக்குக் கீழ பாட்டில்லை. நான் வாசிச்ச மாதிரியே போடுங்கோ."

இப்போது பின்னேரங்களில் முழு வேகத்தில்தான் போடுகிறேன். வேகம் குறைக்கவென்றே தெரிவுசெய்த மென்பொருளில் அந்தப் பொத்தானை நாங்கள் தொடுவதில்லை. வயலின் அலுமாரிக்கு மேலே போய்விட்டது. கோச்சி சட்டென்று கடந்துவிடுகிறது. அவளுடைய வலது கை மடியில் தாளம் போடுகிறது. இடது கை, பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போனது போலக் கிடக்கிறது.