மூன்று ராஜாக்களை நனைத்த மோட்டார்

ஒரு மார்கழியில் நான் ஒன்பது நாள் இருமினேன். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. பொறாமைதான். பொறாமைக்கு இருமல் வருமா என்று கேட்பீர்கள். எனக்கு வந்தது.

செக்காலையில் மிக்சி, கிரைண்டர், மோட்டார் ரிப்பேர் பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. எங்கள் மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் போடுவதும் பன்னிரண்டு வருடமாக என் வேலைதான். வைக்கோல் கூரை, சீரியல் லைட்டு, மேலே ஒரு நட்சத்திரம். வருடா வருடம் அதே குடில். ஆனாலும் பூசை முடிந்து போகிறவர்கள் "நல்லா இருக்குப்பா" என்று சொல்லும்போது, குழந்தை இயேசு என் வீட்டில் பிறந்த மாதிரி எனக்கு நெஞ்சு நிமிரும்.

அந்த வருடம் புதிதாக வந்த பங்குச்சாமி குடில் வேலையை என் நண்பனிடம் கொடுத்துவிட்டார். அவன் பிளம்பர். எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மாப்ளே. சொந்தம் ஒன்றும் இல்லை, சின்ன வயதுப் பழக்கம். மலையிலிருந்து அருவி விழுந்து குடிலுக்கு முன்னால் ஓடுகிற மாதிரி செய்யலாம் என்று அவன் கோயில் கூட்டத்தில் சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "மாப்ளே லைட்டு மட்டும் போட்டுக் குடுக்கட்டும்" என்றான். அந்த 'மட்டும்' என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது நாளே அருவிக்கு வாங்கிய சின்ன மோட்டார் ஓடவில்லை என்று என் கடைக்கே கொண்டுவந்தான். கழற்றிப் பார்த்தேன். ஒரு வயர் விட்டுப்போயிருந்தது. அவன் ஸ்கூட்டர் தெருமுனை தாண்டுவதற்குள் பற்றவைத்துவிட்டேன். மோட்டார் ஜம்மென்று ஓடியது. அதை அணைத்து, ஒரு சாக்கில் சுற்றி, மேசைக்கு அடியில் தள்ளினேன். சாயங்காலம் அவன் வந்து கேட்டபோது, மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது, மதுரையிலிருந்து சாமான் வரவேண்டும் என்றேன்.

பொறாமையில் தம்பியை வயலுக்குக் கூட்டிப்போய்க் கொன்ற காயீன் கதையை மறைக்கல்வி வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அது ஞாபகம் வந்தது. நான் யாரையும் வயலுக்குக் கூட்டிப்போகவில்லையே, ஒரு மோட்டாரைத்தானே ஒளித்துவைத்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இருமல் அன்று ராத்திரி, வீட்டில் எல்லாரும் சேர்ந்து சொல்கிற செபமாலையில் தொடங்கியது. மற்றவர்களை நாங்கள் மன்னிக்கிற மாதிரி எங்களையும் மன்னியும் என்று ஆண்டவரிடம் கேட்கிற வரி இருக்கிறதே, அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆண்டவரிடம் பொய் சொல்லக் கூடாது என்கிற அளவுக்கு எனக்குப் பக்தி இருந்தது. நண்பனிடம் சொல்லலாம் போல. அதனால் அந்த இடத்தில் இருமினேன். செபமாலையில் அந்தச் செபம் ஆறு முறை வரும். ஆறு முறையும் இருமல். என் மனைவி பயந்துபோய்த் தூதுவளைக் கசாயம் காய்ச்சினாள். அதன் கசப்பு உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். என் மகளைத்தான் ஏமாற்ற முடியவில்லை.

"அப்பா, நீங்க மன்னிக்கிற இடத்துல மட்டுந்தான் இருமுறீக."

அவள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் கசாயத்தை ஒரே மடக்கில் குடித்தேன்.

யோசித்துப் பார்த்தால், அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நல்ல வேலை செய்தான், அவ்வளவுதான். கெடுதல் செய்தவனையாவது மன்னித்துவிடலாம். ஒன்றுமே செய்யாதவனை என்னவென்று மன்னிப்பது? இதற்கிடையில் அவன் என்னிடம் சொல்லாமலே மதுரைக்குப் பஸ் ஏறி, கடை கடையாக அலைந்து, சாமான் கிடைக்காமல் திரும்பி வந்தான். கிடைக்காதுதான். அப்படி ஒரு சாமான் தேவைப்படவே இல்லையே.

கிறிஸ்துமசுக்கு முன்னால் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்வோம். நானும் போனேன். பொய் சொன்னேன் சாமி, கோபப்பட்டேன் சாமி என்று பொதுவாகச் சொன்னேன். மோட்டார் பேச்சை எடுக்கவில்லை. சாமி எனக்குக் கொடுத்த பரிகாரம் என்ன தெரியுமா? அதே செபத்தை மூன்று முறை சொல்லவேண்டும். முழங்கால் போட்டேன். பாதி வரைக்கும் சரளமாக வந்தது. அந்த வரியில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன், மறுபடியும் நின்றது. எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் முடித்து எழுந்து போய்விட்டார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. இருமி யாரை ஏமாற்றுவது? எழுந்து கடைக்குப் போனேன்.

செய்த தப்புக்கு ஈடாக இருக்கட்டும் என்று, அவனுடைய மோட்டாரோடு, வண்டி கழுவ வைத்திருந்த என் பெரிய மோட்டாரையும் எடுத்துக்கொண்டேன். அந்தப் புத்தி எனக்கு ஏன் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கோயிலுக்குத் திரும்பியபோது அவன் சாக்கைச் சிமெண்டுத் தண்ணீரில் முக்கி மலை செய்துகொண்டிருந்தான். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"மச்சான், காயில் எரியல. வயருதான் விட்டிருந்துச்சு. நீ குடுத்த அன்னைக்கே சரி பண்ணிட்டேன்."

அவன் சாக்கைக் கீழே வைத்தான். "அப்ப நான் மதுரைக்கு எதுக்குடா போனேன்?"

நான் மோட்டார் இரண்டையும் கீழே இறக்கிவைத்தேன்.

"நின்னுக்கிட்டே போனேன்டா பஸ்ல."

அதற்குப் பிறகு அவன் சொன்னதைப் பிள்ளைகளுக்கு எழுத முடியாது. இதில் ஒரு வேடிக்கை. தப்புச் செய்தவன் நான். ஆனாலும் திட்டு விழ விழ எனக்கும் கோபம் ஏறியது. 'லைட்டு மட்டும்னு சொன்னேல்ல' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆண்டவரே, இதை விழுங்க வையும் என்று மனதுக்குள் கேட்டேன். கசாயத்தைவிடக் கசப்பாக உள்ளே போனது.

"வயித்தெரிச்சல்டா மச்சான். வேற ஒண்ணும் இல்ல. மன்னிச்சுக்க" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, எதையாவது மாட்டித் தொலை என்றான்.

நான் பெரியதை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் அருவி விழவில்லை, பாய்ந்தது. நேராக, குழந்தை இயேசுவைப் பார்க்க வருகிற மூன்று ராஜாக்கள் சுரூபத்தின் மேல் அடித்தது. ஒரு ராஜா ஒட்டகத்தோடு சாய்ந்தார். இரண்டாவது ராஜாவின் கறுப்புத் தாடி கரைந்து மூன்றாவது ராஜாவின் அங்கியில் வழிந்தது. என் நண்பன் தலையிலிருந்து கால் வரை நனைந்து நின்றான். சத்தம் கேட்டுப் பங்குச்சாமி ஓடிவந்தார்.

இது யார் பார்த்த வேலை என்று கேட்டார்.

என் நண்பன் மீசையைத் துடைத்தான். என்னைப் பார்த்தான். அவன் விரலை நீட்டினால் அதோடு என் கதை முடிந்தது. நீட்டினாலும் நியாயம்தான்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் பாத்தோம் சாமி" என்றான்.

சாமி ராஜாக்களைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். இவர்கள் பெத்லகேம் வந்துசேர ஜனவரி ஆகும், அதற்குள் காய்ந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று பேரையும் சுற்றுச்சுவரில் வெயில் பார்க்கப் படுக்கவைத்தோம். ஒட்டகத்தை அவன் சட்டையால் துடைத்தான். அப்புறம்தான் சிரித்தான். அவன் சிரித்த பிறகு நான் சிரித்தேன், அதற்கு முன்னால் தைரியம் இல்லை.

"தாடியை நீதான் வரையணும் மாப்ளே" என்றான்.

கறுப்புப் பெயிண்ட் வாங்க அவன் ஸ்கூட்டரிலேயே போனோம். அவன் ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்து, பாக்கியிருந்த பரிகாரத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.