நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும்

எங்கள் வீட்டுச் சமையலறை வாசலை ஒட்டி, சுவிட்சுப் பலகைக்குக் கீழே ஒரு மரத்தட்டு இருக்கிறது. மாலையில் வேலை முடிந்து வந்ததும் நானும் என் கணவரும் செல்போன்களை அதில் சார்ஜ் போட்டு வைப்போம். அவருடையதை ஒட்டி என்னுடையது கிடந்தால் நான் கொஞ்சம் தள்ளி வைப்பேன். அவர் காரணம் கேட்டதில்லை. சூடாகிவிடும் என்பதற்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். இரண்டு போன்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்து வயிறு எரிகிற ஒருத்தி இந்த உலகத்தில் உண்டா என்று கேட்டால், உண்டு. பாளையங்கோட்டையில் இருக்கிறாள். ஒரு கல்லூரியில் கணினி பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஊருக்கு வெளியே, பொட்டல்காட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் நான் எம்.சி.ஏ. படித்தேன். வீட்டிலிருந்து போய் வருகிறவள். மாலை ஐந்து பத்துக்கு ஒரு பஸ். அதை விட்டால் அப்பா வாசலில் வந்து நிற்பார். என் தோழி விடுதியில் இருந்தாள். களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருக்கும் குடும்பம். முதல் நாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் பேனாவைக் கேட்காமல் எடுத்து எழுதி, மூடி போடாமல் திருப்பித் தந்தவள். எனக்கு அதற்கு முன்னால் தோழி என்று சொல்லிக்கொள்ள யாரும் இருந்ததில்லை. சர்ச் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உண்டு. அதெல்லாம் வேறு.

கடைசி வருடத்துக்கான வேலையாக ஒரு செயலி செய்வோம் என்றது அவள்தான். வளாகத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று போனிலேயே தெரிய வேண்டும். நூலகத்தில் இடம் இருக்கிறதா, கேன்டீனில் வடை போட்டுவிட்டார்களா, பஸ் வாசலுக்கு வந்துவிட்டதா என்று அங்கே இருப்பவர்கள் இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். “எங்கன இருக்கன்னு போன் போட்டுப் போட்டே பாதி நாள் போவுது. இனி கேக்கவே வேண்டாம், பாத்துக்கிடலாம்” என்றாள். செயலிக்கு ‘அங்கன’ என்று பெயர் வைத்தவளும் அவளே. போனில் ஓடும் பகுதியை அவள் எழுதினாள். வரைபடமும், எல்லாருடைய இருப்பிடத்தையும் வாங்கி வைக்கும் பகுதியும் என் பொறுப்பு.

வரைபடத்துக்காக மூன்று வாரம் நடந்தோம். ஒவ்வொரு கட்டடத்தின் மூலையிலும் நின்று போன் காட்டும் இடத்தைக் குறித்துக்கொள்வேன். கட்டடங்களுக்குப் பல்கலைக்கழகம் வைத்த பெயரை நாங்கள் போடவில்லை. பிள்ளைகள் சொல்லும் பெயரைத்தான் போட்டோம். ‘அழுமூஞ்சி மரம்’, ‘ரிசல்ட் படி’, ‘ஜெராக்ஸ் அண்ணாச்சி’ என்று. வெயில் பொசுக்கும். ஒரே குடை, அதை அவள்தான் பிடித்து வருவாள். பாதி நேரம் குடை என் பக்கமே சாய்ந்திருக்கும். செயலி முதன்முதலில் ஓடிய அன்று காலி வரைபடத்தில் இரண்டே புள்ளிகள். அவளுக்கு நீலம், எனக்குப் பச்சை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நிறைவாக இருந்த நாள் வேறு கிடையாது.

அப்புறம் மஞ்சள் வந்தது. செயலி பார்க்க லட்சணமாக இல்லை, படம் வரையத் தெரிந்த யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று துறைத்தலைவர் சொன்னார். கல்லிடைக்குறிச்சிக்காரி ஒருத்தியை என் தோழியே கூட்டி வந்தாள். வரைபடத்தில் அவள் புள்ளி மஞ்சள். நன்றாக வரைவாள். அதை மறுத்தால் நாக்கு அழுகிவிடும். பிரச்சினை அதுவல்ல. அவளும் விடுதி, அதே மாடி. ஊருக்குப் போய்வந்தால் அப்பளக் கட்டு கொண்டு வருவாளாம். விடுதிச் சமையல்காரம்மாவிடம் கெஞ்சிப் பொரித்து வாங்கி இரண்டு பேரும் மொட்டை மாடியில் வைத்துத் தின்பார்களாம். இதையெல்லாம் என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். நானும் சிரிப்பேன். ஐந்து மணி ஆனால் அவர்களுக்கு நாள் தொடங்கும், எனக்கு பஸ் வரும். அப்பளம் என்றாலே எனக்கு இன்றும் பிடிக்காது.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு போனும் தான் இருக்கும் இடத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னால் போதும் என்று என் தோழி வைத்திருந்தாள். எட்டு மணிக்கு மேல் வரைபடம் தானாக மூடிவிட வேண்டும் என்பதும் அவள் வைத்த சட்டம்தான். “பொம்பளப் பிள்ளைய பொழங்குத இடம்ட்டி. ஆரும் ஆரையும் பாத்துக்கிட்டே இருக்கக் கூடாது” என்பாள். எட்டு மணிச் சட்டத்தில் நான் கை வைக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடம் எனக்குப் போதவில்லை. பஸ் ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் நாலைந்து தடவை திறந்து பார்ப்பேன், நீலம் அசையாமலே இருக்கும். ஒருநாள் ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது அந்த ஐந்து நிமிடத்தை அரை நிமிடமாக மாற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரத்திலிருந்துதான் அது தெரியத் தொடங்கியது. வீட்டில் ஆறரைக்கு மாலை ஜெபம். அம்மா பாட்டு எடுப்பதற்கு முன் ஒருமுறை, ஆமென் சொன்ன கையோடு ஒருமுறை பார்ப்பேன். நீலமும் மஞ்சளும் வளாக வாசலுக்கு வெளியே, சாலைக்கு எதிர்ப்பக்கம், ஜெராக்ஸ் அண்ணாச்சி கடையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஏழு மணிக்கும் அங்கேதான். ஏழே முக்காலுக்கும் அங்கேதான். விடுதியில் பெண்கள் ஆறு மணிக்குள் கையெழுத்துப் போட்டு உள்ளே போய்விட வேண்டும். இவர்கள் எப்படி வெளியே? அவ்வளவு நேரம் அங்கே நின்று என்ன பேச்சு? தோழிக்கு போன் போடுவேன். மணி அடிக்கும், எடுக்க மாட்டாள். என் வரைபடம் அந்தக் கடையைத் தாண்டிக் கொஞ்சத்தில் முடிந்துவிடும். எங்கள் வீடு இருந்த பாளையங்கோட்டை அதில் வராது. நான் நடந்து நடந்து வரைந்த படத்தில் அவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள், நான் இல்லை.

காலையில் கேட்டால், “போன் எங் கையில இல்லட்டி, சார்ஜே நிக்க மாட்டேங்கு” என்றாள். உன் போன் பழசு என்று சொன்னேன். மனசுக்குள் பொய் சொல்கிறாள் என்று சொல்லிக்கொண்டேன். அவள் உண்மையைத்தான் சொன்னாள் என்பதும், சார்ஜ் ஏன் நிற்கவில்லை என்பதும் எனக்கு மட்டுமாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பொறாமைப்படுகிறவளுக்குக் கணினி அறிவு இருந்து என்ன பயன்?

நான்கு மாலை, திரையில் தெரிந்ததை அப்படியே படமாக எடுத்து வைத்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம் விடுதிக் காப்பாளரிடம் போனேன். புகார் சொல்லப் போகவில்லை, செயலியைப் பற்றி விளக்கத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு படங்களையும் பார்த்தார். கையெழுத்துப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். அதில் இரண்டு பேரும் ஆறு மணிக்கு உள்ளே வந்ததாகத்தான் இருந்தது. தன் கண் முன்னால் போட்ட கையெழுத்தை விட்டுவிட்டு, அந்த அம்மா என் புள்ளிகளை நம்பினார். போட்டுவிட்டுச் சுவரேறிக் குதித்திருப்பார்கள் என்று முடிவு செய்து இரண்டு வீட்டுக்கும் போன் போட்டுவிட்டார்.

கல்லிடைக்குறிச்சி அப்பா போனிலேயே சண்டை போட்டார். களக்காட்டு அப்பா மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். விஷயம் கேள்விப்பட்டு ஜெராக்ஸ் அண்ணாச்சியும் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளைகள் யாரும் கடையில் நிற்கவில்லை, போன்கள்தான் கிடந்தன என்றார். விடுதி அறைகளில் பிளக் கிடையாது. தாழ்வாரத்தில் இருந்த ஒன்றுக்கு வரிசை. கரண்ட் வேறு போய்ப் போய் வந்த காலம். அண்ணாச்சி கடையில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆறு மணிக்குள் போனை அங்கே போட்டுவிட்டு விடுதிக்குள் ஓடி, காலையில் வந்து எடுத்திருக்கிறார்கள். நான் ஒரு வாரமாக வயிறெரிந்து பார்த்தது ஒரு மேசையில் சார்ஜுக்குக் கிடந்த இரண்டு போன்களை.

ஆனால் களக்காட்டு அப்பா அதற்குள் பெட்டியைக் கட்டச் சொல்லியிருந்தார். “எம் பிள்ளைய நான் சந்தேகப்படலம்மா. ஆனாலும் இனி வீட்டுல இருந்தே வந்துட்டுப் போட்டும்” என்று காப்பாளரிடம் பைய சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நான் தூண் மறைவில் நின்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் கிடந்த நீலப் புள்ளி, அவள் போய் எடுத்ததும் மஞ்சளை விட்டுப் பிரிந்து, சாலையோடு நகர்ந்து வரைபடத்தின் ஓரத்துக்கு வந்து மறைந்தது. அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதன் பிறகு அவளும் என்னைப் போல பஸ்ஸில் வருகிறவளானாள். ஜங்ஷன் வரைக்குமாவது சேர்ந்து போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். களக்காட்டுக்கு இருட்டும் முன் போய்ச் சேர அவள் மூன்றரைக்கே கிளம்ப வேண்டியிருந்தது. மாலை நேர ஆய்வகம் அவளுக்கு இல்லாமல் போனது. அவள் யோசித்த செயலியை, அவள் இல்லாமல் நானும் மஞ்சள்காரியும் முடித்தோம். துறையில் எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டிய அன்று அவள் பஸ் வந்து சேர்வதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள்.

காட்டிக்கொடுத்தது நான்தான் என்று அதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. செயலி அப்போது சோதனையில்தான் இருந்தது, எங்கள் புள்ளிகள் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்பதால் யார் காட்டினார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. அரை நிமிடத்தையும் அவளே கண்டுபிடித்தாள். ஒரு மதியம் திரையை என் பக்கம் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்தாள். “இதுக்குத்தான் எம் போன் செத்துச் செத்துக் கெடந்துச்சா?” என்றாள். மறுபடி ஐந்து நிமிடமாக மாற்றிவிட்டு, “நீங்க சேமிச்சு வச்சிருங்க” என்று எழுந்து போனாள். இரண்டு வருடம் ‘ஏட்டி’ என்று கூப்பிட்டவள் அதோடு என்னை ‘நீங்க’ ஆக்கினாள். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது அவள் சென்னையில் பெரிய வேலையில் இருக்கிறாள். நல்ல நாளுக்கு நான் வாழ்த்து அனுப்பினால் கைகூப்பிய படம் ஒன்று வரும். போன மாதம் கல்லிடைக்குறிச்சிக்காரியின் தங்கை கல்யாணம். எனக்கும் பத்திரிகை வந்தது, போகவில்லை. அன்று சாயங்காலம் மஞ்சள்காரி வாட்ஸ்அப்பில் வைத்திருந்த படத்தில் என் தோழி இருந்தாள். இரண்டு பேரும் பட்டுப்புடவையில், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டு. பழைய இடத்தில் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறாளே என்று, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, “எங்கன இருக்க?” என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் பதில் இல்லை. போனை மரத்தட்டில் கணவரின் போன் பக்கத்தில் போட்டுவிட்டு நான் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு அது வெளிச்சம் காட்டியது. “போன் சார்ஜ்ல கெடந்துச்சுட்டி. இப்பந்தான் பாத்தேன்.”

அந்த ‘ட்டி’யைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதப் போனேன். வீட்டுக்கு வா என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் விரல் முதலில் வேறொன்றை எழுதிவிட்டது. உன் போன் பக்கத்தில் யார் போன் கிடந்தது என்று.

அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்த பிறகுதான், வா என்று எழுத முடிந்தது.