உடைந்த தட்டில் என் பெயர்

ஊருக்குப் பேச ஃபோன் கார்டைச் சுரண்டிக்கொண்டிருந்த காலம் அது. குவைத்தின் ஃபஹாஹீலில் நாங்கள் ஏழு தமிழர்கள் ஒரே ரூமில் இருந்தோம். ஒரே சமையல், ஒரே குளியலறை.

ஒரு நாள் கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் ஹாரிஸ் வந்து, இனி ரூமுக்கு ஆறு பேர்தான், ஒருவர் வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும், கலாஸ், பேச்சு முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதிர்க் கட்டடத்தில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. ஆனால் அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. டூட்டி முடிந்து வந்து சுவரோடுதான் பேச வேண்டும். நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

யார் போவது என்று மூன்று நாள் கத்தினோம். சும்மா இருந்திருக்கலாம், நான் வாயைக் கொடுத்தேன். அப்போது கிரேக்க வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். ஏதென்ஸ் நகரத்து மக்கள், யாரை ஊரைவிட்டு அனுப்பலாம் என்று உடைந்த பானைச் சில்லில் பெயர் எழுதிப் போடுவார்களாம். யார் பெயர் அதிகம் விழுகிறதோ அவர் பத்து வருடம் வெளியே இருக்க வேண்டும். அவர் சொத்தை யாரும் தொட மாட்டார்கள்.

"நாமளும் அப்படியே செய்வோம்" என்றேன். யார் பெயர் விழும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ரூமிலேயே இருந்த ஏசி மெக்கானிக் விட்ட குறட்டையில் ஏசி ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது.

சில்லுகளைப் பாய் கொண்டுவந்தார். எங்களில் மூத்தவர், கீழக்கரைக்காரர், பக்காலா என்று இங்கே சொல்லும் மளிகைக் கடையில் வேலை. பெட்டியில் உடைந்து வந்த பீங்கான் தட்டுகள் அவர் கடையில் எப்போதும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து, ஆளுக்கொரு சில்லு எடுத்தோம். நான் மெக்கானிக் பெயரை எழுதி முடித்ததும் பாய் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்குத் தமிழ் எழுத வராது. அரபு எழுத்துல எழுதுனா நான்தான்னு தெரிஞ்சுரும். நீயே எழுதிக் குடு."

"யார் பேரு பாய்?"

"உன் பேருதான்."

இதே கதை அந்தப் புத்தகத்திலும் இருந்தது. எழுதத் தெரியாத ஒருவர், ஆள் யாரென்று தெரியாமல் ஒரு பெரிய மனிதரிடமே போய் அவர் பெயரை எழுதித் தரச் சொல்வார். பாய்க்கோ ஆள் நன்றாகவே தெரிந்திருந்தது.

"நான் என்ன பாய் செஞ்சேன்?"

"காலைல பொஸ்தகத்தோட பாத்ரூமுக்குள்ள போயிடுற. தொழுகைக்கு நேரமாகுது, நான் கை கால் கழுவி ஒளு செய்ய வாசல்ல நிக்கிறேன்."

எரிச்சலாக வந்தது. மெக்கானிக் பெயரையே எழுதிக் கொடுத்தால் இவருக்குத் தெரியவா போகிறது? மார்க்கரை எடுத்தேன். ஏமாற்றக் கை கூசியது. என் பெயரை எழுதி அவரிடம் கொடுத்தேன்.

மெக்கானிக்தான் எண்ணினார். எனக்கு நான்கு, அவருக்கு மூன்று. எண்ணி முடித்தவர் இரண்டு சில்லுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மாப்ள, ரெண்டும் உன் கையெழுத்து. ஒண்ணுல என்னை அனுப்புற, சரி. இன்னொண்ணுல உன்னையே ஏன்யா அனுப்புற?"

நான் சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். பாய்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது என்னோடது. தம்பி எழுதிக் குடுத்துச்சு" என்றார்.  ஒருவர் ஆரம்பிக்க, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் மெத்தையை முதலில் தூக்கியவர் மெக்கானிக்தான். ஏதென்ஸ் சட்டப்படி சொத்து போகாது என்று சொல்லி, வாரா வாரம் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரும் உரிமையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எதிர்க் கட்டடத்தில் அந்த வாரம் ஊர்ந்து போனது. அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பிட வந்தவன், பழக்கதோஷத்தில் புத்தகத்தோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுவிட்டேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, கதவைப் படபடவென்று தட்டினார்கள்.

"யல்லா தம்பி, வெளிய வா. உன்னைத்தான் தொரத்தியாச்சே" என்றது பாயின் குரல்.

ஒரு வாரமாக என்னை யாரும் தமிழில் திட்டவில்லை. இன்னொரு முறை திட்டு வாங்கிக்கொண்டுதான் கதவைத் திறந்தேன்.