மழை தராத மேகம்

யுத்தத்துக்கு முந்தின ஓர் ஐப்பசி. பரமத்தி வேலூருக்கு மேற்கே எங்கள் மேட்டுக்காட்டில் ஒரு துளி விழவில்லை. சோளப் பயிர் முழங்கால் உயரத்திலேயே சுருண்டு நின்றது. பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கோ மனசுக்குள் ஒரே குதூகலம். வானம் அப்படித் துடைத்துக் கிடந்தது. சேலத்தில் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையின் சாமான்களோடு ஏலத்துக்கு வந்த பித்தளைத் தொலைநோக்கி என்னிடம் இருந்தது. அந்த மாதத்தை வீணாக்குவேனா?

உத்திரட்டாதியின் வடக்கு நட்சத்திரத்தைப் பிடித்து, வடகிழக்கே இரண்டு நட்சத்திரம் தாண்டி, அங்கிருந்து வடக்கே ஏறினேன். பல நாள் தேடி அலைந்தது அன்று கிடைத்துவிட்டது. பால் சிந்திய தரையைத் துடைத்த பிறகும் மங்கலாகத் தெரியுமே, அவ்வளவுதான். நம் நட்சத்திரக் கூட்டத்துக்கு வெளியே இன்னொரு கூட்டம். அந்த வெளிச்சம் புறப்பட்டபோது பூமியில் மனுஷனே கிடையாது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். அதற்கு இணையான சந்தோஷம் என் ஆயுளில் வேறு கிடைக்கவில்லை, கலியாணத்தையும் சேர்த்துத்தான்.

சும்மா இருந்திருக்கலாம். காட்டைக் கவனித்துவந்த, என் கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அதென்ன சாமி, வெள்ளையா?"

"பழைய புஸ்தகத்துல மேகம்னு போட்டிருக்குதுங்கண்ணா."

"நம்ம மேகத்தக் கொண்டுபோயி அங்கயா நிறுத்தி வெச்சிருக்கறே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மறுநாள் கிணற்றடியிலும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். கேட்டவர்கள் சிரிக்கவில்லை. வாத்தியார் குழாயை வைத்து மேகத்தை மேலே இழுத்துவிடுகிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. பெரியவர்கள் நாலு பேர் வாசலில் வந்து நின்றார்கள். அது மேகமே இல்லை, பெயர்தான் அப்படி என்று கத்தினேன்.

"மேகம்னு சொன்னது நீங்கதானுங்களே வாத்தியாரே" என்றார் ஒருவர்.

அண்ணன் உள்ளே போய்த் தொலைநோக்கியை எடுத்து வந்தார். கோடாலியைத் திருப்பிப் பிடித்து, அவர்கள் கண்முன்னாலேயே அடித்து நொறுக்கினார். "ஊரப் பகச்சுக்கிட்டு எங்கெ சாமி பொழைக்கறது?" என்றார் என்னிடம்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பெய்திருந்தால் குறைந்தா போயிருக்கும்? காட்டிலிருந்து தொப்பலாக நனைந்து வந்த அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாத்தயா சாமி?" என்றார்.

எந்தப் புத்தகத்தைக் காட்டி இனி அவரிடம் வாதாடுவது? சோளம் நன்றாக விளைந்தது. தை மாதம் புதுச் சோளச்சோற்றை வட்டிலில் போட்டு என் முன்னால் வைத்தார்கள். வயிறு எரிய எரிய, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றேன்.